லோத்குண்டாவிலிருந்து தினமும் வந்த லில்லி

சுற்றிப் பார்ப்பதற்காக நான் ஹைதராபாத் போகவில்லை. அங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் ஜெனி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டில்தான் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்ப முடிந்தது. சென்னையில் ரயில் மாறி செகந்திராபாதில் இறங்கும்போது காலை ஏழு பத்து. ஏ.எஸ்.ராவ் நகர் பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறில் ஆரம்பித்து இருநூற்று நாற்பதுக்கு வந்தார்.

மூன்றாம் மாடியில் அழைப்புமணியை அழுத்தப் போனேன். பின்னாலேயே படியேறி வந்த ஒரு பெண்மணி பையிலிருந்து சாவியை எடுத்து என் மகள் வீட்டுக் கதவைத் திறந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையிலும் தூக்குவாளி.

"ஜெனி அம்மாதானே? வாங்க. நான் லில்லி, நம்ம சர்ச்தான்" என்றார்.

கட்டிலில் இருந்த ஜெனி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "ஆன்ட்டி டெய்லி வருவாங்கம்மா" என்றாள். பால்காரர் வருவார் என்பதுபோல.

நான் தபால் நிலையக் கவுண்டரில் முப்பத்திரண்டு வருடம் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தவள். சும்மா வருகிற எதையும் நம்பிப் பழக்கமில்லை. உறவில்லாத ஒருத்தி எதற்குத் தினமும் சமைத்துக்கொண்டு வந்து, என் மகளைக் குளிப்பாட்டிவிட்டுப் போக வேண்டும்? அவருக்குத் துபாயில் ஒரு மகன் இருக்கிறானாம். கல்யாணமாகிவிட்டதா என்று ஜெனியிடம் கேட்டேன். "தெரியாதும்மா, நான் கேட்டதில்ல." போதும், விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் "அங்கே சொந்த வீடா?" என்று என்னிடம் பேச்சுவாக்கில் கேட்டார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். அலமாரியைத் திறந்தபோது எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். துண்டை எடுத்தார். போகும் முன் தன் ஃபோனில் ஜெனியை ஒரு படம் எடுத்தார். அதுதான் என்னை ரொம்ப உறுத்தியது.

மூன்றாம் நாள், "சாவி என்கிட்டயே இருக்கட்டும். இனிமே நான் பாத்துக்கிடுவேன்" என்றேன்.

சாவி வளையத்திலிருந்து சுலபமாகக் கழலவில்லை. நகத்தால் நெம்பி எடுத்து மேசைமேல் வைத்தார். "ஹவ், ஆமா, அம்மா வந்தாச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். தூக்குவாளிகளை மறந்துவிட்டுப் போனார். ஜெனி மீட்டிங்கில் இருந்தாள்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. மாவுக்கட்டில் பிளாஸ்டிக் உறை சுற்றி, ஸ்டூலில் உட்கார வைத்து நானே ஜெனிக்குத் தலைக்கு ஊற்றினேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. என் இடுப்பு விட்டுப்போனது.

"ஆன்ட்டி இருபது நிமிஷத்துல முடிச்சிருவாங்க" என்றாள்.

"அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கியா?"

"ப்ரேயர்ல டெய்லி தேங்க் பண்றேனே."

"யாருக்கு?"

"ஜீசஸுக்கு" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "போன வாரம் சாம்பார்ல உப்பு இல்லன்னு ஆன்ட்டிக்கு மெசேஜ் போட்டேம்மா."

அப்போதும் என் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. தூக்குவாளிகளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வீட்டைப் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். லோத்குண்டா எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றெண்பது. மிலிட்டரி மதில் ஓரமாக ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்த அவருடைய கணவர், நான் லில்லியைப் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணோட அம்மாவா நீங்க? இவளுக்கு முட்டி வலி. ரெண்டு பஸ் மாறிப் போகணும். நக்கோ, வேணாம்னு சொன்னேன், கேட்டாத்தானே" என்றார். பேரப்பிள்ளைகளின் படம் சுவரில் இருந்தது. துபாய் மகனுக்கு இரண்டு குழந்தைகள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. லில்லி போலாரத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லி வழியும் சொன்னார்.

இங்கே அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் இந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். நான் இருபத்தைந்து ரூபாய் கொடுத்தேன். போலாரத்தில் பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில், பக்கவாதத்தில் கிடந்த ஒரு முன்னாள் ராணுவக்காரருக்கு லில்லி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாய்த்து வைத்த ஃபோனில் ஜெனியின் படம்.

"இவரு ஜெபம் பண்றதுக்கு முகம் தெரியணுமாம்" என்றார்.

"நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றேன்.

"தெரியும்மா."

"எதுக்கு இவ்வளவு செய்றீங்க?"

"நம்ம பாஸ்டர் ஐயர் சர்ச்ல சொன்னார், பொண்ணு தனியா கிடக்குன்னு. யாராவது போகணும்ல?" வெட்டிய நகங்களைக் காகிதத்தில் மடித்தார். "ஆண்டவருக்குத்தான் செய்றேன்னு சொல்லிக்குவேன். ஆனா பஸ் ஸ்டாப்ல நிக்கறப்ப, நான் சாப்பிட்டேனான்னு உங்க வீட்டுல ஒருத்தரும் கேக்கலையேன்னு தோணும். பொய் சொல்லக் கூடாதுல்ல."

மணி இரண்டரை. "சாப்பிட்டீங்களா?" என்றேன். இல்லை. மெயின் ரோடு டிபன் கடைக்கு அழைத்துப் போனேன். இட்லியை அவர் மெதுவாகச் சாப்பிட்டார். நானும் அவசரப்படுத்தவில்லை.

அன்று மாலை ஜெனி அவருக்கு ஃபோன் செய்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, முடிக்கும்போது அழுதிருந்தாள். லில்லி மறுபடி வரத் தொடங்கினார். சாவியை நீட்டினேன். "வேணாம்மா, பெல் அடிக்கிறேன்" என்றார். நான் ஊர் திரும்பும்வரை வெளியிலேயே நின்று மணியடித்தார்.

வீட்டு ஜெபத்தில் நூறு தடவை ஸ்தோத்திரம் சொல்கிறோம். அதே வாய்க்கு, எதிரில் நிற்கிற மனுஷிக்கு ஒரு வார்த்தை வருவதில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறோம். அவர் யாரைக் கொண்டு பார்த்துக்கொள்கிறார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் ஹைதராபாதில் இருப்பவர்களுக்கு: ரயில் காலையில் வந்து சேர்வதாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஆகஸ்டில் குடை அவசியம். வீட்டுக்குள் யாராவது உங்கள் பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தால், முதலில் அவருக்கு ஒரு நாற்காலியைப் போடுங்கள். விசாரணையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.