முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்தில் என் நிறம்

விசாவுக்கான என் பட்டியலில் பதினேழு வரிகள் இருந்தன. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை, ஆறு வாரப் பயிற்சிக்கு என்னை ஜெர்மனிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்திருந்தது. பயிற்சி தொடங்குவதற்குள் விசா வராவிட்டால் எனக்கு அடுத்திருப்பவர் போவார் என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்து டிக் போட்டேன்: அழைப்புக் கடிதம், பயணக் காப்பீடு, தங்குமிட உறுதி. ஒன்பதாவது வரி போட்டோ. அகலம் முப்பத்தைந்து மில்லிமீட்டர், உயரம் நாற்பத்தைந்து, வெளிர் பின்னணி, திருத்தம் கூடாது. அளவுக்கருவிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. திண்டிவனம் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவை வெர்னியர் அளவுகோல் வைத்தே அளந்தேன். சரியாக இருந்தது.

சென்னை விண்ணப்ப மையத்தில், கவுண்ட்டரில் இருந்த பெண் போட்டோவைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"ஆமாங்க."

"கலர் மாத்தியிருக்காங்க. எடிட் பண்ண போட்டோ வாங்க மாட்டோம்."

மறுபடி நேரம் நான்கு நாள் தள்ளித்தான் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தப் போட்டோவை உண்மையில் பார்த்தேன். முகமெல்லாம் கோதுமை நிறம். காதோரத்தில் மட்டும் என் நிறம் மெல்லிய கோடாக மிச்சமிருந்தது. அரை மில்லிமீட்டர் பிழையைப் பிடிப்பவள் இதை எப்படி விட்டேன்? பள்ளி அடையாள அட்டை, மயிலத்தில் கல்லூரி முடித்தபோது எடுத்த வகுப்புப் படம், அக்கா கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் நாங்கள் அந்த நிறத்தில்தான் இருக்கிறோம். எங்கள் பக்கம் யாரும் கேட்டுச் செய்வதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாலே வெளுத்துத் தருவார்கள். என் கண்ணும் பழகியிருந்தது. கோபத்தில் பாதி ஸ்டூடியோக்காரர் மேல், பாதி என் மேல்.

மறுநாள் காலை ஸ்டூடியோவுக்கு அம்மாவும் கூட வந்தாள்.

"அண்ணா, போட்டோ திரும்பி வந்துடுச்சி. கலர் ஏத்தாம எடுங்க."

"இன்னா தங்கச்சி, அவனவன் இன்னும் கொஞ்சம் ஏத்துன்னு சண்ட போட்டுக்கினு கீறான். உனுக்கு நானே ஏத்திக் குடுத்தேன், அது குத்தமா?"

"குத்தந்தாண்ணா."

"வெள்ளக்காரன் ஊரு. இப்பிடியே அனுப்பினா இன்னா நினைப்பான்?"

"நான் போயி எறங்கினா பாக்கத்தானே போறான்? அங்கியும் வந்து ஏத்துவீங்களா?"

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக் கணினி முன் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மவுஸ் தானாகத் திரையில் என் கன்னத்துக்குப் போனது. நான் மவுஸ் மேல் கை வைத்துத் தடுத்தேன்.

"கை பழகிப்போச்சும்மா," என்றார்.

"பிரிண்ட் வர்ற வரிக்கும் இங்கியே நிக்கிறேன்."

நின்றேன். எட்டுப் பிரதிகள் வந்தன. எட்டிலும் நான் இருந்தேன்.

இரண்டாம் முறை கவுண்ட்டரில் ஒரு கேள்வியும் இல்லை. பயிற்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் இருந்த அந்தச் சிறிய கறுத்த முகத்தை மேலாளர் மேசையில் விரித்து வைத்தேன்.

மிச்சமிருந்த வெளுத்த படங்களில் இரண்டை அம்மா ஏற்கெனவே கிளியனூர் கல்யாணத் தரகரிடம் கொடுத்திருந்தாள். புறப்படுவதற்கு முன் அவற்றைத் திரும்ப வாங்கி வரச் சொல்லி, புதியதில் இரண்டை அவள் கையில் வைத்தேன்.

"இதப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும்மா. ஒரு நாடே இந்த மூஞ்சிய உள்ள வுட்டுருக்குது. அவங்க வூட்டு வாசப்படி இன்னா அதவிட ஒசரமா?"

அம்மா படங்களைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் பட்டியலில் பதினெட்டாவதாக 'தரகருக்குப் போட்டோ, திருத்தம் கூடாது' என்று ஒரு வரி எழுதி டிக் போட்டேன்.