சாம்பல் கவுனில் ஆரஞ்சுப் பட்டை

என் சித்தியைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்களிடையே இரண்டு கதைகள் உலவுகின்றன. மன உறுதி என்றால் அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. கடைசியில் வாயைக் கட்ட முடியாமல் கோட்டை விட்டுவிட்டாள் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். அந்த மாதங்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

சித்தி வைத்திருப்பது ஆல்டரேஷன் கடை. புதிதாக எதையும் தைக்க மாட்டாள். ஊரார் வாங்கி வந்து பொருந்தாமல் போனதைப் பொருந்த வைப்பாள். ஒரு பழைய வணிக வளாகத்தில் மாடிப்படிக்கு அடியில், சாய்ந்த கூரையோடு இருக்கிறது அந்தக் கடை. ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, உடை மாற்றிப் பார்க்க ஒரு மூலை. அந்த மூலையை மறைக்கும் திரை, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறம். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. பக்கத்துக் கடையில் சாவிக்காரர். அவர் சாவி தேய்க்கும் சத்தத்தை மீறித்தான் சித்தி எப்போதும் பேசுவாள். அதனால் அவள் ரகசியம் சொன்னாலும் படியேறிப் போகிறவர்களுக்குக் கேட்கும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு சித்தி மிகப் பெரிய உடம்பு. "சித்தின்னா சின்னம்மான்னுதானே அர்த்தம்? யாரு வெச்ச பேருங்க இது?" என்று சாவிக்காரர் கேட்பார். "உங்க சாவி முதல்ல ஒரு பூட்டையாவது திறக்கட்டும், அப்புறம் என் பேரைத் திறக்கலாம்" என்பாள். சிரிப்பாள். ஆனால் ஒருநாள் குண்டூசி டப்பா கொட்டிவிட, பொறுக்கக் கீழே உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. சாவிக்காரரும் சித்தப்பாவும் சேர்ந்து தூக்கினார்கள். வாடிக்கையாளர் ஒருவர் கையில் பேண்ட்டோடு பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே சித்தி மருத்துவமனைக்குப் போய், இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தாள்.

"குறுக்கு வழி" என்றாள் என் அம்மா, அவளுடைய சொந்த அக்கா.

"குறுக்கு வழியா? நீ ஒரு தடவை வயித்தக் குறுக்க அறுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றாள் சித்தி.

முதல் வருடம் அவள் செய்ததையெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். ஆரம்பத்தில் வெறும் திரவம், பிறகு மசித்தது, பிறகு மெல்ல மெல்லக் கெட்டியானது. புரதம் முதலில். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. வாழ்நாள் முழுக்க சத்து மாத்திரை. டாக்டர் சொன்ன ஒன்றையும் அவள் தட்டவில்லை. தினமும் நடந்தாள். முழங்கால் மடங்கியது, சர்க்கரை இறங்கியது, உட்கார்ந்த இடத்திலிருந்து தானே எழுந்தாள். இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும்.

நான் பல நாடுகளைச் சுற்றிவிட்டு, கையில் ஒரு பையோடு திரும்பி வந்தபோது பேருந்து நிலையத்தில் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். அடையாளம் தெரியவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது: "ஏண்டி, உலகத்தையே பார்த்துட்டு வந்தவளுக்கு சித்தியத் தெரியலையா?" அந்தக் குரல் மட்டும் மெலியவே இல்லை.

அடுத்த வேலை கிடைக்கும்வரை கடைக்கு வா என்றாள். "ஊர் ஊரா சுத்தின காலு. ஒரு இடத்துல உக்காருதான்னு பாக்கறேன்."

கடையில் நான் முதலில் வாங்கிய திட்டு ஒரு பேண்ட்டுக்காக. இடுப்பைப் பிடித்துத் தைத்தபின் உள்ளே மடிந்து கிடந்த துணி அசிங்கமாகத் தெரிந்தது. வெட்டிவிட்டேன்.

"யாருடி வெட்டச் சொன்னா?"

"நீட்டா இருக்கட்டும்னு..."

"நீட்டாம்! உள்துணில கத்திரி வெக்கறவ தையல்காரியே இல்ல. இந்த மனுஷன் அடுத்த வருஷம் ஒரு சுத்து பெருத்து வருவான். அப்ப எதப் பிரிச்சு விடுவே? உன் தோலையா? உடம்பு ஏறும், இறங்கும். துணி ரெண்டுக்கும் இடம் வெச்சிருக்கணும்."

இதைச் சொன்னவள்தான் அப்போது ஒரு சாம்பல் நிற கவுன் அணிந்திருந்தாள். பெரிய உடம்போடு இருந்தபோது போட்ட அதே கவுன். இளைக்க இளைக்க அதையே பிரித்து, பிடித்து, மறுபடி தைத்துப் போட்டுக்கொள்வாள். "புதுசு எதுக்கு? நான் எங்கேர்ந்து வந்தேன்னு இதுக்குத்தான் தெரியும்" என்பாள். ஒருநாள் குப்பைப் பையைக் கட்டும்போது சாம்பல் நிறத்தில் நீளநீளமான துணிக் கீற்றுகளைப் பார்த்தேன்.

"சித்தி, இது உன் கவுன் உள்துணி. வெட்டிட்டியா?"

"ஆமா."

"அப்ப பிரிச்சு விட..."

"எனக்குத் திரும்பிப் போற வழி வேணாம்" என்றாள். மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் என் கண்ணில் படத் தொடங்கியது. இஸ்திரி மேசைக்கு அடியில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. கழிவறைக்குப் போகும் முன் ஏறுவாள், வந்தபின் ஏறுவாள். மதியம் சாப்பாட்டு டப்பாவை எனக்குத் தள்ளிவிட்டு வளாகத்தின் படிகளை ஏறி இறங்குவாள். இரவுக்கு இரண்டு ஸ்பூன் சூப். தையல் மெஷின் சக்கரத்தில் நூலோடு அவள் முடியும் சுற்றிக் கிடந்தது. டாக்டர் சொன்ன எடையைத் தாண்டிக் கீழே போய் ரொம்ப நாளாகியிருந்தது. சோதனைக்கு வரச்சொன்ன தேதிகளை அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

காலையில் கடையைத் திறந்ததும் போனில் ஒரு குழுவில் எடையைப் போட வேண்டும். அதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சேர்ந்த குழு அது. நடத்துபவரைக் கேப்டன் என்பார்கள். எப்போதும் கழுத்தில் ஒரு விசில். எடை இறங்கினால் எல்லோரும் கைதட்டும் பொம்மை அனுப்புவார்கள். ஏறினால் யாரும் எதுவும் அனுப்ப மாட்டார்கள். அந்த மௌனத்துக்குச் சித்தி பயந்தாள். குழுவின் ஆண்டுக் கூட்டத்தில், அதிகம் இளைத்தவருக்கான பரிசை வாங்க மேடையேறப் போகிறவள் அவள்தான் என்று கேப்டன் அறிவித்திருந்தார்.

சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒருநாள் அவர் சொல்லிப் பார்த்தார். "வண்டி ஓட்டறவன் ரோட்டப் பாக்கணும். மீட்டரையே பாத்துட்டிருந்தா சுவத்துல போய் முட்டுவான்."

"உங்ககிட்டப் படிச்சவங்க முட்டாத சுவரு இந்த ஊர்ல எது மிச்சம்?"

"அதாம்மா சொல்றேன். எனக்கு அனுபவம் இருக்கு."

"நான் குண்டா இருந்தப்ப 'கொறைச்சுச் சாப்பிடு'ன்னீங்க. இப்ப 'இன்னும் சாப்பிடு'ங்கறீங்க. என் வாய்க்கு நீங்க என்ன டிராபிக் போலீஸா?"

சித்தப்பா எழுந்து போய்விட்டார். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கலே.

ஒரு ஓட்டலின் வரவேற்பில் நிற்கும் பெண், தன் வெள்ளைக் கோட்டைத் தோளில் பிடித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தாள். உள் தையலைச் சித்தி கையால் போட்டுக்கொண்டிருந்தாள். விரலுறை போட மாட்டாள். ஊசி முனை விரலில் படும் கணத்திலேயே நிறுத்தும் கை அவளுடையது. நான் திரும்பிப் பார்த்தபோது கோட்டின் காலரில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தன.

"ஐயோ சித்தி, ரத்தம்!"

"அறிவு கெட்டவளே, கைய எங்கடி வெட்டிக்கிட்ட? வெள்ளத் துணியத் தொடறதுக்கு முன்னாடி கையப் பாக்க மாட்ட?"

நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். சுத்தமாக இருந்தன. சித்தி என் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் ஊசி நின்றுகொண்டிருந்தது. பாதி உள்ளே போயிருந்தது.

"வலிக்கலையே" என்றாள்.

ஊசியைப் பிடுங்கினாள். அப்போதும் முகம் மாறவில்லை. அடுத்த விரலில் தானே குத்தினாள். பிறகு அடுத்ததில். "வலிக்கலடி" என்றாள் மறுபடியும். சாவிக்காரரின் சத்தம் நின்றிருந்தது. அவளை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "சத்து மாத்திரை போடறீங்களா?" என்பதுதான்.

"நிறுத்திட்டேன். இனிக்குது. அதுல சர்க்கரை இருக்கு. குழுவுல சொன்னாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "அந்தச் சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இருக்காது. அதுக்குப் பயந்து நரம்பப் பட்டினி போட்டிருக்கீங்க. ஊசி போடறேன். ஒழுங்காச் சாப்பிடணும். எடை கொஞ்சம் ஏறியே ஆகணும்."

"விரல் திரும்ப வருமா?"

"வரலாம். முழுசா வரும்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது."

தையல்காரிக்கு விரல் போனால் என்ன மிச்சம்? மறுநாள் எடை மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்ச் சாவிக்காரர் மேசையில் தொப்பென்று வைத்தாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். சனிக்கிழமை மட்டும் வந்து ஏறுவேன். வேற நாள்ல வந்தா விரட்டுங்க."

"விரட்டினாக் கடிக்க மாட்டீங்களே?"

"கடிப்பேன். அப்பவும் விரட்டுங்க."

செவ்வாய்க்கிழமையே போனாள். அவர் எடை மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. சித்தி திட்டிய திட்டு மேல் மாடிவரை கேட்டது. திட்டிவிட்டு வந்து, டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையைக் கோபத்தோடு மென்றாள். ஒவ்வொரு வாயும் அவளுக்குத் தோல்வி மாதிரி இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் மென்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வருடம் எப்படிச் சாப்பிட்டாளோ அப்படியே: புரதம் முதலில், நன்றாக மென்று, வயிறு போதும் என்றதும் நிறுத்தி. நடையையும் விடவில்லை. படி ஏறுவதை மட்டும் விட்டாள். குழுவில் காலை எடை போடுவதை நிறுத்தினாள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், மேல் அலமாரியிலிருந்து நூல் பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கினாள். டர்ரென்று கிழிந்தது கவுன். இரண்டு பக்கமும்.

பிரித்துவிட உள்ளே ஒரு நூலளவு துணிகூட இல்லை. திரைக்குப் பின்னால் போய் வேறு உடை மாற்றி வந்து, கவுனை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். என்னைத் திட்டிய அதே வார்த்தைகள் அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"வேற கவுன் போட்டுட்டுப் போயேன் சித்தி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல? வெட்டினவ நான். ஒட்டுப் போடறதும் நான்தான்."

"சாம்பல் துணி தேடிப் பாக்கவா?"

"வேணாம்" என்றாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். கத்திரியை எடுத்துக்கொண்டு நேராக ஆரஞ்சுத் திரையிடம் போனாள்.

கூட்டம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடை நடுவில் எடை மெஷின், எல்லோரும் எண்ணைப் பார்க்கும்படி பின்னால் ஒரு திரை. பெயர் அழைத்ததும் சித்தி ஏறினாள். அக்குளிலிருந்து பாதம்வரை இரண்டு பக்கமும் கை அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை. கடைசி வரிசைக்கும் அது தெரிந்திருக்கும்.

கேப்டன் மைக்கில் சிரித்தார். "என்னக்கா, டிசைனா?"

"இல்ல, ஒட்டு. ஏறிடுச்சு, அதான்."

மண்டபம் அமைதியானது. கேப்டன் மைக்கை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். அவர் கன்னங்கள் ஒட்டிப் போயிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். பிறகு சத்தமாக, "பரவால்ல, மெஷின்ல ஏறுங்க. எவ்வளவுன்னு பாத்து எறக்கிடலாம்" என்றார்.

"ஏற மாட்டேன். சனிக்கிழமை ஏறுவேன், சாவிக்காரர் கடையில. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

யாரோ சிரித்தார்கள். கேப்டன் விசிலைக் கையில் எடுத்தார்.

"விசிலக் கீழ போடுங்க தம்பி, நான் ஓடறதுக்கு வரல" என்றாள் சித்தி. அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. "குண்டா இருந்தப்ப எந்திரிக்க முடியல. அதுக்குத்தான் வயித்த அறுத்தேன். அதுக்காக ஒருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். இப்பவும் அளந்துதான் சாப்பிடறேன், சாகறவரைக்கும் அளந்துதான் சாப்பிடுவேன். ஆனா நான் அறுத்துக்கிட்டது பொழைக்கறதுக்கு. உங்க கைதட்டல வாங்கறதுக்கு என் விரலக் குடுக்க முடியாது." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "ஊசி குத்தினாத் தெரியல இதுல. தையக்காரிக்கு."

பின்வரிசையில் தலையில் துணி கட்டியிருந்த ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, அந்த மாத்திரைல சர்க்கரை இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றாள் சித்தி. "நான் முழுங்கறேன்."

பரிசு வேறொருவருக்குப் போனது. அதைத்தான் சொந்தக்காரர்கள் கோட்டை விட்டாள் என்கிறார்கள். சொல்லட்டும்.

விரல்கள் உடனே திரும்பவில்லை. டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டே இருந்தாள். கைத்தையலை எனக்குக் கொடுத்துவிட்டு மெஷினில் மட்டும் உட்கார்ந்தாள். நான் போட்ட தையலைப் பிரித்துப் பிரித்து மறுபடி போட வைத்தாள். எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, பையைக் கட்டிக் கடையிலேயே கொண்டுவந்து வைத்திருந்த அன்று, ஒரு பித்தானை நான் கோணலாகத் தைக்கிறேன் என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆ!"

கத்திய கத்தலில் பக்கத்துக் கடைச் சத்தம் நின்றது. ஆரஞ்சுத் திரை இப்போது முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடுவதால், உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தவரின் கால்கள் பயந்து துள்ளுவது தெரிந்தது. சாவிக்காரர் ஓடி வந்தார்.

"என்னாச்சும்மா?"

சித்தி ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நுனியில் ஒரு சொட்டு ரத்தம். கண்ணில் தண்ணீர்.

"வலிக்குதுங்க" என்றாள். "உயிர் போற மாதிரி வலிக்குது!"

பிறகு ஊசியை எடுத்து, அடுத்த விரலுக்கு நேராகப் பிடித்தாள்.

"சித்தி, என்ன பண்றே?"

"சும்மா இருடி" என்றாள். "இன்னும் ஒண்ணு பாக்கணும்."