அத்தை கழற்றிக் கொடுத்த இரும்பு

பிள்ளைகளா, போன மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனபோது நீங்கள் இரண்டு பேரும் அத்தையின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தீர்கள். அவள் கணுக்கால் நனைகிற வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். "அத்தைக்குத் தண்ணின்னா பயம்" என்று சின்னவள் சிரித்தாள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், கோவையாக எழுத வராது. ஆனால் உங்கள் ஆயா, என் அம்மா, போய்ச் சேர்ந்துவிட்டாள், இனிமேல் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று அத்தையே சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

அத்தைக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் பட்டைகள், முட்டியில் ஒரு பூட்டு, அடியில் ஒரு பூட்ஸ். காலிப்பர் என்பார்கள். எங்கள் வீட்டில் வெறுமனே 'இரும்பு'. அதை மாட்டினால்தான் நிற்பாள். உட்கார வேண்டுமென்றால் முட்டிப் பூட்டை நீக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டாலே அவள் உட்காரப்போகிறாள் என்று தெரியும்.

சுனாமி வந்த காலையில் அவள் குளிப்பதற்காக இரும்பைக் கழற்றி வைத்திருந்தாள். அப்பா படகுப் பக்கம் போயிருந்தார். தண்ணீர் வீட்டின் பின்பக்கமாக நுழைந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனது. இரும்பை மாட்டியிருந்தால் அடியில் இழுத்திருக்கும். ஒரு தெர்மாகோல் மீன் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி, ஒரு கையால் துடுப்புப் போட்டு, முள்ளுக்காட்டு ஓரத்தில் ஒதுங்கினாள். நான் போய்த் தூக்கியபோது அழவில்லை. "அண்ணே, தண்ணியில என் காலு கனக்கவே இல்லண்ணே" என்றாள். அப்பா கிடைத்தது அதற்குப் பிறகுதான். அவரை அடையாளம் காட்டியது அம்மா.

தகரக் கொட்டகையில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். இடிந்த சுவருக்கடியில் இரும்பு மட்டும் சேறு பூசிக் கிடைத்தது. அம்மா அதைக் கழுவி, மடியில் வைத்துக்கொண்டு ஒரு வேண்டுதல் வைத்தாள். மகள் இந்த இரும்பு இல்லாமல் நடந்து வந்தால் அம்மனுக்கு வெள்ளியில் கால் வாங்கிப் போடுகிறேன் என்று. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆடி மாதம் கோயில் வாசல் கடையில் நிற்பாள். தகட்டில் அடித்த கண், கை, கால் எல்லாம் கோத்துத் தொங்கும். ஒரு காலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் இல்ல" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்.

கொட்டகைக்குப் பிள்ளைகளின் பயம் தெளிய நீச்சல் சொல்லிக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் சிதம்பரத்து மாஸ்டர். எங்கள் குப்பத்தில் ஆம்பளை கடலுக்குப் போவான், பொம்பளை மீன் விற்பாள். பெண்பிள்ளை நீந்துகிற வழக்கமே கிடையாது. அம்மா சண்டைக்குப் போனாள்.

"எம் புருஷன முழுங்கன தண்ணி. பொட்டப்புள்ளயயும் உடணுமா?"

"இது கடல் இல்லம்மா, குளம். இதுல உப்புகூட கிடையாது."

"உப்பில்லன்னா மூச்சு முட்டாதா? எந்த ஊரு ஞாயம் சாரே இது?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பில்தான் சம்மதம் கிடைத்தது.

பிறகு சிதம்பரத்துக் குளத்துக்குப் போக ஆரம்பித்தோம். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலையை நான் இரவு முறைக்கு மாற்றிக்கொண்டேன். விடியற்காலை பஸ். புதுச்சத்திரம் வரும் முன்னே நான் தூங்கி அவள் தோளில் சாய்ந்துவிடுவேன். "யாருக்கு யாரு தொணைக்கு வர்றதுன்னே தெரியல" என்று இடித்து எழுப்புவாள். குளத்தில் எனக்கு இருந்தது ஒரே வேலை. கரையில் உட்கார்ந்து இரும்பைக் கழற்றி என்னிடம் நீட்டுவாள்.

"பத்திரமா வச்சிரு. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுறாதண்ணே."

பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருகிற வரைக்கும் நான் நிற்பேன். நல்ல காலை உதைப்பாள், மற்றது பின்னாலேயே வரும். கைகள்தான் எல்லாம். தரையில் எல்லாருக்கும் பின்னால் வருகிறவள், தண்ணீரில் எல்லாரும் அவள் பின்னால்.

ஊனமுற்றோர் நீச்சலில் மாநிலத்தில் ஜெயித்தாள். அகில இந்தியப் போட்டியில் அவள் பிரிவில் தங்கம் வாங்கினாள், அடுத்த வருஷமும் வாங்கினாள். பேப்பரில் போட்டோ வந்தது. அம்மா அதை மீன் கூடைக்குள் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் காட்டினாள். ஈரமாகிக் கிழிந்துபோனதால் இன்றைக்கு நம் வீட்டில் அது இல்லை. நாட்டுக்காக வெளிதேசத்தில் நீந்த வேண்டும், அதுதான் அவள் ஆசை. வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

பிரிவு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஊனமுற்றவர்கள் எல்லாரையும் ஒன்றாக நீந்த விடமாட்டார்கள். டாக்டர்கள் படுக்க வைத்து, கை கால்களைத் தள்ளச் சொல்லி, எவ்வளவு பலம் என்று பார்ப்பார்கள். ஒத்த பலம் உள்ளவர்களைத்தான் ஒரு பிரிவில் சேர்ப்பார்கள். அத்தை அவள் பிரிவின் மேல் விளிம்பில் இருந்தாள்.

அந்தச் சமயத்தில் போலியோ காலுக்கு ஆபரேஷன் செய்கிற முகாம் ஒன்று வந்தது. தொடையின் பின்பக்கத்துத் தசைநாரை முன்பக்கம் கொண்டுவந்து கட்டினால் முட்டி நிற்கும், இரும்பு இல்லாமல் நடக்கலாம் என்றார்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அம்மன் வழி காட்டிவிட்டாள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "பலம் வந்துச்சுன்னா பிரிவு மாறினாலும் மாறும்மா. மேல போனா, கிட்டத்தட்ட ரெண்டு காலும் உதைக்கிறவங்களோட நீந்தணும். யோசிச்சுக்க."

பஸ்ஸில் வரும்போது, "அம்மாகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"வேணாண்ணே. சொன்னா ஆபரேஷனே வேணாம்னுடும். அப்பறம் சாவற வரைக்கும் அந்த வேண்டுதல் அது நெஞ்சுல கெடக்கும். அப்பா போனதுலேர்ந்து அது வேற என்னா கேட்டுச்சு?"

"ஒன் ஆசை?"

"மாறினாலும் மாறும்னுதானே சொன்னாரு. மாறும்னு சொல்லலியே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்தது. மாவுக்கட்டு பிரித்து, பயிற்சி செய்து, ஒரு நாள் எழுந்து நடந்தாள். சாய்ந்து சாய்ந்துதான், ஆனால் இரும்பு இல்லாமல். அம்மா கடையில் வெள்ளிக் காலை எடுத்தாள். இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை. மகளைப் பக்கத்தில் நடத்திக் கூட்டிப்போய் உண்டியலில் போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தம் சின்னச் சத்தம். அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நாட்டுக்கு ஆள் எடுக்கிற போட்டி வந்தது. வெளி மாநிலம், ரயிலில் போனோம். முதலில் டாக்டர் பரிசோதனை. வரிசையில் முன்னால் இருந்த பெண் அவள் காதில் ஏதோ சொன்னாள். கதவு திறந்தே இருந்தது. டாக்டர் அத்தையின் இடது கணுக்காலில் கையை வைத்துத் தள்ளச் சொன்னார். அவள் தள்ளினாள். டாக்டரின் கை பின்னால் போனது. மறுபடி வைத்தார், மறுபடி தள்ளினாள். அந்த நேரம் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

மாலையில் பலகையில் ஒட்டினார்கள். மேல் பிரிவு.

"அந்தப் பொண்ணு என்னா சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

"மெதுவா தள்ளுன்னு."

நான் பலகையில் அவள் பேரை மறுபடி பார்த்தேன்.

"நெனவு தெரிஞ்சதுலேர்ந்து சொன்ன பேச்சு கேக்காத காலுண்ணே. தள்ளுன்னாரு, அது தள்ளுது. எப்பிடிண்ணே அத அடக்குவேன்?"

மறுநாள் நீந்தினாள். எப்போதையும்விட நன்றாகத்தான் நீந்தினாள். அவள் பாதி வழி வரும்போது மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். கடைசியாக வந்து சுவரைத் தொட்டாள். ஏறுவதற்கு என் கை தேவைப்படவில்லை. மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தார். என் தோளில் ஒன்றும் தொங்கவில்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஜெயிச்சியா?" என்றாள்.

"இல்லம்மா. இந்தத் தடவ ஜாஸ்தி பேரு வந்துட்டாங்க."

"போவட்டும் போ. நடந்து போயி நடந்து வந்த பாரு, அது போதும் எனக்கு."

அத்தை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மீன் கழுவ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் குளத்துக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோது, வேலைக்குப் போக வேண்டும் என்றாள். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற வேலை, இன்றைக்கும் அதுதான். அம்மா சாகும்போதும் தன் பெண் நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போட்டியிலிருந்து திரும்பி வந்த அந்த வாரமே அம்மா பரண்மேல் இருந்த இரும்பை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பீடையை வீட்டில் வைக்கக் கூடாது, கடலில் விட்டுவிட்டு வா என்றாள். அத்தை வேலை கேட்கச் சிதம்பரம் போயிருந்தாள். நான் கெடிலம் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குத் தனியாகப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். உடனே விடவில்லை. பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வருகிற நேரம் அங்கேயே நின்றேன். பிறகு முட்டிப் பூட்டை நீக்கி, அவள் உட்காரும்போது மடக்குவதுபோல மடக்கி, தண்ணீருக்குள் விட்டேன்.