அசையாத முகம்

தர்மபுரத்தில் நான் முடி வெட்டப் போகும் சலூன்காரருக்கு ஒடுங்கிய முகம், இடது கன்னத்தில் பழைய காயத்தழும்பு. ஆட்கள் வராத நேரங்களில் கைபேசியில் போக்கர் சீட்டாட்டப் பாடங்களைப் பார்ப்பார். பிறகு கண்ணாடிக்கு முன் இருந்து சீட்டுகளைப் புரட்டி, ஒவ்வொன்றுக்கும் தன் முகம் என்ன செய்கிறது என்று கவனிப்பார்.

"கூடாத சீட்டு வந்தா என்ரை முகம் அசையாது தம்பி, அது பழகீட்டுது. நல்ல சீட்டு வந்தாத்தான் காட்டிக் குடுத்திடும். அதாலைதான் கூட்டாளியளிட்டைத் தோக்கிறன்" என்றார் ஒருநாள்.

அதன்பின் நல்ல சீட்டுகளான ஏஸ்களை மட்டும் எடுத்துவைத்து, முகம் அசையாமல் பார்க்க மாதக்கணக்காகப் பழகினார்.

போன கிழமை என் முடியை வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி அடித்தது. "ஓம், ஓம், சரி" என்றுவிட்டு வைத்தார்.

"என்னண்ணை?"

"மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுதாம். எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் சுகமாம்."

நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசைஞ்சதே தம்பி?"

"இல்லை அண்ணை."

"கொஞ்சமும் இல்லையே?"

அவர் விரலால் தன் கன்னத்தை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது பழையபடி கீழே வந்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.