வாடாத கரி

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் லாரிகள் கரியில் ஓடத் தொடங்கின. முதுகில் பீப்பாய் போல ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து வரும் லாரி, குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் புளியமரத்தடியை எட்டும்போது மூச்சு வாங்கும். சாம்பலைக் கிளறித் தள்ளிப் புதுக்கரி போட்டால்தான் மேற்கொண்டு நகரும்.

என் மாமா பாரவண்டி ஓட்டியவர். லாரி வந்து அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது. அந்த லாரியை வைத்தே பிழைத்துக்கொள்வதென்று அவரும் முடிவு செய்தார். முதலில் மரத்தடியில் ஒரு தண்ணீர்ப் பானை வைத்தார். பிறகு அத்தை கம்பங்கூழ் கரைத்தாள். டிரைவர்கள் கண்ணயர ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. கடைசியில் கரி மூட்டைகளும், நிறுத்து விற்க ஒரு தராசும் வந்து சேர்ந்தன.

காலையில் எழுந்ததும் அந்த மூட்டைகளுக்கு மாமா தண்ணீர் தெளிப்பார். சந்தைக்குப் போகும் கீரைக்கட்டுக்கு என் அம்மாவும் அப்படித்தான் தெளிப்பாள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில், வெங்காய மூட்டைகளின் மேல் வெற்றிலைக் கட்டுகள் அடுக்கிய லாரி ஒன்று எங்கள் கரியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டு, கூப்பிடு தூரத்திலேயே நின்றுவிட்டது. டிரைவர் திரும்பி நடந்து வந்தார்.

"என்னங்க, கரி நசநசன்னு ஈரமா இருக்கு? எலை வெந்துபோச்சுன்னா மொதலாளி மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

"சத்தியமா காஞ்ச கரிதாங்க" என்றார் மாமா.

மாமாவைப் பொய்யர் என்கிறாரே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"எங்க மாமா நல்லாத்தான் பாத்துக்கிறாரு. கரி வாடிப்போகக் கூடாதுன்னு தெனமும் தண்ணி தெளிக்கிறாரு!"

அத்தை கூழ்ப்பானைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டிரைவர் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார்.

"சரிண்ணே, ஒங்க மாட்டு வண்டியப் பூட்டுங்க. எலையாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்."

மாமா உடனே மாட்டைப் பூட்டினார். வெற்றிலைக் கட்டுகளைத் தன் வண்டியில் ஏற்றி ஈரச்சாக்குப் போர்த்தி, கிளீனரையும் உட்கார வைத்துக்கொண்டு, வழியெல்லாம் தண்ணீர் தெளித்தபடி புதுக்கோட்டையில் கொண்டு சேர்த்தார். டிரைவர் கரியை ரோட்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டு, அத்தை கொடுத்த கூழைக் குடித்தார்.

அடுத்த நாள் பொழுது சாயத் திரும்பிய மாமா, ஒரு பொரி உருண்டையை என் கையில் வைத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. மறுநாள் முதல் பனி படாதபடி அவருடைய போர்வை கரி மூட்டைகளின் மேல் கிடந்தது. லாரிகள் வழக்கம்போல நின்றன. அந்த டிரைவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை போலும். அவர் வரும்போதெல்லாம் மாமா தானே எழுந்துபோய், தலை நிமிராமல் கூழ் ஊற்றுவார்.

ஈரக்கரி எடை கூடும் என்று எனக்குத் தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின. அதுவரை, அன்றைக்கு மாமாவின் மானத்தைக் காப்பாற்றியது நான்தான் என்றும், அந்தப் பொரி உருண்டை அதற்கான பரிசு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.