துவைத்துப் போட்ட படம்

தென்காசியில் என்னோடு படித்தவர்களின் கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்து, எங்கள் பழைய பள்ளிச் சீருடைத் துணிமேல் ஒட்டித் தைத்து, சுவரில் மாட்ட ஒரு படம் செய்துகொண்டிருந்தேன். சாரல் காலம் தொடங்கியதிலிருந்து அதுதான் வேலை.

இன்று காலை அம்மா அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டாள்.

"அதுல காகிதம் இருக்கும்மா!"

"துணின்னா துவைக்கணும்லா, ஏட்டி. ஆள் வருத நேரத்துல அழுக்காவா கெடக்கும்?"

ஆள் என்றால் என்னைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து வரவிருந்தவர்கள்.

மத்தியானம் வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: "பொண்ணுக்குக் கைவேல ஏதும் தெரியுமா?"

"அதெல்லாம் அருமையா செய்வா மதினி" என்றாள் அம்மா.

நான் கொல்லைப்பக்கம் பார்த்தேன். கொடியில் சீருடை மட்டும் தொங்கியது. பத்திரிகைகள் கரைந்துபோயிருந்தன.

காபியை எடுத்துக் கொடுத்தேன். அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டதாம்.

கல்யாணப் பத்திரிகையைக் கரைக்கும் அந்தச் சோப்பின் பேரை அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமென்கிற பெண்கள் சொல்லுங்கள்.