இரண்டு தட்டு

தங்கை ரூபினி ஜெயித்ததை எல்லாம் தனலெட்சுமி விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். திக்குவாய் என்று சிரித்த, மலேசியாவின் காஹாங் தோட்டத்துப் பிள்ளைகள் முன்னால் பள்ளிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. பாடப் போனால் வீட்டுப் பக்கம் வராதே என்ற அப்பாவின் வாயாலேயே, "போய்ப் பாடிட்டு வா." தொழிற்சாலை வேலைக்கு நடுவே, பத்தொன்பது வயதில், தானே எழுதி மெட்டுப் போட்டு குளுவாங்கில் பதிவு செய்த ஒரு பாட்டு.

அந்தப் பாட்டைத்தான் மனோகரன் தூக்கிக்கொண்டு போனான். இசைக்குழு நடத்தும் அவன், இரண்டு வருஷம் கழித்து, 1998-இல், தன் கேசட்டில் அதைப் பாடினான். ரூபினியின் பெயர் அதில் இல்லை. அவன் கேசட்டைக் கேட்டுத்தான் மற்றவர்கள் பாடினார்கள். இப்போது ஓர் இளம் பாடகனின் பதிவு எல்லார் கைப்பேசியிலும் ஓடுகிறது. அந்தச் சூட்டில், கெலாங் பாத்தா மண்டபத்தில் 'முதலில் பாடியவர்' என்று மனோகரனுக்குப் பொன்னாடை.

தனலெட்சுமி ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்தப் பாட்டுக்கு இதுவரை வந்த ஏழு பதிவுகளையும் கேட்டு நோட்டில் குறித்து வைத்திருந்தாள்: எது வேகம், எதில் புல்லாங்குழல், எவன் எந்த வரியை விழுங்கினான் என்று. ஏழிலும் மாறாதது ஓர் இடம். இரண்டாம் சரணத்துக்கு முன் பாடாமல் பேசுகிற ஒரே சொல், "காத்திருக்கேன்." அதற்கு முன் சின்ன மௌனம், டிரம்மில் இரண்டு தட்டு.

பொன்னாடை மனோகரன் தோளில் விழுந்ததும் கூட்டத்திலிருந்து அவள் எழுந்தாள்.

"மனோகரண்ணே, அந்த ரெண்டு தட்டு எதுக்கு?"

"அது நம்ம ஸ்டைல் லா."

"உங்க ஸ்டைலா? என் தங்கச்சிக்குப் பாடும்போது திக்காது, பேசுனாத்தான் திக்கும். பதிவு பண்ண அன்னிக்கு வார்த்தை வரல. டிரம் அடிச்சவரு தட்டி சமாளிச்சாரு. திக்குனதையும் சேத்துல்ல திருடியிருக்கீங்க!"

மனோகரன் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டான். "அலமாக்! திக்குவாய் பாடிச்சாம், நான் திருடினேனாம். அதையே வந்து சொல்லச் சொல்லுங்க, கேப்போம்."

பின்வரிசையில் சிரித்தார்கள். ரூபினி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வே... வேணாம்கா. போலாம்." அந்தப் பதிவுக்குப் பின் இத்தனை வருஷத்தில் அவள் ஒரு மைக்கிலும் பேசியதில்லை.

"போனா பாட்டு அவனுதுதான்," என்றாள் தனலெட்சுமி. "பாத்துக்க."

ரூபினி மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள்.

"கா..."

நின்றுவிட்டது. உதடு துடித்தது. மனோகரன் பல்லைக் காட்டினான். மேடையில் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் குழுவின் டிரம்காரருக்கு அந்தப் பாட்டு கையில் ஊறிப்போனது. அவர் குச்சி தானாக விழுந்தது: டக், டக்.

"காத்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. டிரம்காரர் தன் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடிக்கிறீங்க," என்றான் மனோகரன். குரல் இறங்கியிருந்தது. "ஆதாரம் இருக்கா?"

நிகழ்ச்சியை நடத்திய லோஷினி அவனைப் பொருட்படுத்தாமல் ரூபினியிடம் வந்தாள். "உங்க பேரு என்னக்கா?"

"ரூ..."

ரூபினி அதோடு போராடவில்லை. அக்காவின் பையிலிருந்து அந்த முதல் பதிவின் நாடா வைத்த பழைய அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினாள். குளுவாங் ஸ்டூடியோவிலும் இப்படித்தான் பேர் கேட்டார்கள், வாயில் வரவில்லை. அன்று பேனாவைப் பிடுங்கி, பெட்டியின் மேல் 'எழுதிப் பாடியது' என்ற இடத்தில், தன் பாட்டுக்குக் கீழே முதல் தடவையாகக் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தாள்.

"இவருக்குக் கேக்கற மாதிரி படிம்மா," என்றாள் தனலெட்சுமி, மனோகரனைப் பார்த்தபடியே.

லோஷினி மைக்கில் படித்தாள்: "ரூபினி. 17 பிப்ரவரி 1996."